ஒரே கிராமம், 25 வருட டைரி: குருவி, ஆமை, சில்வண்டு பின்னால் அலைந்த கில்பர்ட் வைட் யார்?

1781-ம் ஆண்டு ஏப்ரல் 11. இங்கிலாந்தில் குளிர்காலம் முடிந்து வசந்தம் எட்டிப் பார்க்கும் நேரம். லண்டனில் இருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, ஹாம்ப்ஷயர் பகுதியில் செல்போர்ன் என்று ஒரு சின்ன கிராமம். ஊரை ஒட்டிய மலைச்சரிவில் இரண்டு கூலியாட்கள் புதர்களையும் பொந்துகளையும் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

என்ன தேடுகிறார்கள்? தூங்கிக் கொண்டிருக்கும் குருவிகளை!

தேடச் சொன்னவர் 60 வயது கில்பர்ட் வைட். அந்த ஊர்க்காரர். தேவாலயப் பணி செய்பவர். ஹவுஸ் மார்ட்டின் என்று ஒரு குருவி உண்டு. நம் ஊரில் தகைவிலான் என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுக் கூரை ஓரத்துக்கு அடியில் மண்ணால் கூடு கட்டும். இலையுதிர் காலத்தில் காணாமல் போய், வசந்தத்தில் திரும்ப வரும். நடுவில் அந்தக் குருவிகள் எங்கே இருக்கின்றன? வெளிநாட்டுக்குப் பறந்து போகின்றனவா, இல்லை இதே மலைப் புதருக்குள் ஒளிந்து தூங்குகின்றனவா? இதுதான் வைட்டை வாழ்நாள் முழுக்கக் குடைந்த கேள்வி.

ஆட்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒரு குருவிகூட கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் மலையில் தேடிக் கொண்டிருந்த அதே நேரத்தில், கீழே ஊர்த் தெருவில் ஒரு ஹவுஸ் மார்ட்டின் பறந்து வந்தது. ஒரு வீட்டுக் கூரை ஓரத்தில் இருந்த கூட்டுக்குள் நேராகப் போய் நுழைந்தது.

வைட் இதை அன்றைக்கே டைரியில் குறித்து வைத்தார். இந்தக் குருவி வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது என்பதையும் எழுதினார். மலையில் ஆட்கள் கிளறியதால் கலைந்து வந்த குருவியாக இருக்குமோ என்ற தன் சந்தேகத்தையும் ஒரு கேள்வியாகச் சேர்த்தார்.

அவர் நம்ப ஆசைப்பட்டது ஒன்று, கண்ணால் பார்த்தது இன்னொன்று. இரண்டையும் கலக்காமல் எழுதி வைத்தார். 230 வருடம் தாண்டியும் உலகம் இந்த மனிதரைப் படிப்பதற்கு அதுதான் காரணம். யார் இவர்? என்ன செய்தார்? பார்க்கலாம்.

ஊரை விட்டுப் போகாத மனிதர்

கில்பர்ட் வைட் பிறந்தது 1720-ம் ஆண்டு ஜூலை 18. பிறந்த இடம் செல்போர்ன் போதகரின் வீடு. காரணம், அப்போது அந்த ஊர்ப் போதகராக இருந்தவர் அவருடைய தாத்தா. தாத்தாவின் பெயரும் கில்பர்ட் வைட்தான். உடன்பிறந்தவர்களில் இவர்தான் மூத்தவர். தாத்தா இறந்த பிறகு குடும்பம் தேவாலயத்துக்கு எதிரே இருந்த 'தி வேக்ஸ்' என்ற வீட்டில் குடியேறியது. வைட் கடைசி மூச்சை விட்டதும் அதே வீட்டில்தான்.

நடுவில் ஆக்ஸ்போர்டு போனார். ஓரியல் கல்லூரியில் படித்து 1743-ல் பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே அந்தக் கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். பிறகு தேவாலயப் பணிக்கு அபிஷேகம் பெற்றார். பெரிய ஊர்களில் நல்ல பதவிக்குப் போயிருக்க முடியும். ஆனால் மனசு செல்போர்னை விட்டு நகரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செல்போர்ன் தேவாலயத்துக்குத் தலைமைப் போதகரை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரியிடம் இருந்தது. வைட் படித்ததோ ஓரியல் கல்லூரி. அதனால் தாத்தா வகித்த பதவி பேரனுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. சொந்த ஊரிலேயே உதவிப் போதகராக மட்டும்தான் அவரால் இருக்க முடிந்தது. அதற்கும் சம்மதித்து அங்கேயே தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. குதிரை வண்டியில் ஏறினாலே குமட்டும் என்பதால் நீண்ட பயணங்களும் அவருக்குப் பிடிக்காது.

அவர் எடுத்த கணக்குப்படி அந்த ஊரின் மொத்த மக்கள்தொகை 676. அவ்வளவுதான் அவருடைய உலகம். ஊருக்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த சுண்ணாம்புக் குன்று. அதற்கு 'ஹேங்கர்' என்று பெயர். 1753-ல் வைட்டும் அவர் தம்பி ஜானும் சேர்ந்து அந்தச் செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதையை வெட்டினார்கள். இன்றைக்கும் செல்போர்ன் போகிறவர்கள் அந்தப் பாதையில்தான் மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

காய்கறியில் தொடங்கிய டைரி

வைட் எடுத்த எடுப்பிலேயே பறவைகளைப் பற்றி எழுதத் தொடங்கிவிடவில்லை. முதலில் அவர் ஒரு தோட்டக்காரர். 1751-ல் ஒரு தோட்டக் குறிப்பேடு ஆரம்பித்தார். என்ன விதைத்தோம், எப்போது முளைத்தது, வெள்ளரியும் முலாம்பழமும் எப்படி வந்தன என்று அதில் எழுதுவார். நம் ஊர் விவசாயி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மழைக் கணக்கு எழுதி வைப்பது போலத்தான்.

பிறகு டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற சட்ட நிபுணர் அச்சடித்த குறிப்பேடு ஒன்றை வடிவமைத்தார். வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, எந்த மரம் என்றைக்கு இலை விட்டது, எந்தப் பறவை என்றைக்கு முதலில் தென்பட்டது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். அது வைட் கைக்கு வந்தது. 1768-ல் எழுதத் தொடங்கியவர் 1793 ஜூன் வரை, அதாவது 25 வருடத்துக்கும் மேல், நிறுத்தவே இல்லை.

இதே காலத்தில் அவருக்கு இரண்டு கடித நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் விலங்கியல் அறிஞர் தாமஸ் பென்னன்ட். இன்னொருவர் அதே பாரிங்டன். தான் பார்த்ததை எல்லாம் இந்த இருவருக்கும் வைட் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் பின்னாளில் புத்தகமாகின.

பார்க்க ஒரே மாதிரி, ஆனால் 3 குருவி

வைட்டின் திறமைக்குச் சரியான உதாரணம் இது. ஆங்கிலேயர்கள் அப்போது 'வில்லோ ரென்' என்று ஒரு சின்னக் குருவியைச் சொல்வார்கள். கதிர்க்குருவி வகை. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். மரக்கிளைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நிமிடம் நிற்காது. எல்லோருக்கும் அது ஒரே பறவைதான்.

வைட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்று மேலிருந்து கீழே இறங்குவது போல இனிமையாகப் பாடியது. இன்னொன்று இரண்டே சுரத்தை மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொன்னது. மூன்றாவது, உயரமான மரங்களின் உச்சியில் இறக்கை நடுங்க, சிலிர்ப்பது போல ஓர் ஓசை எழுப்பியது. மூன்று பாட்டு என்றால் மூன்று பறவையாக இருக்க வேண்டுமே!

அவரிடம் பைனாகுலர் கிடையாது. அந்தக் காலத்தில் பறவையை உறுதி செய்யச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். வைட்டும் அதைச் செய்திருக்கிறார். மூன்று வகையையும் கையில் வைத்து அளவையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லாமல் மூன்றும் வேறு வேறு. 1768-ல் பென்னன்டுக்கு இதை எழுதினார். இன்று வில்லோ வார்ப்ளர், சிஃப்சாஃப், வுட் வார்ப்ளர் என்று தனித்தனியாகச் சொல்லப்படும் பறவைகள்தான் அவை. இறந்த பறவையின் தோலை வைத்துப் பெயர் சூட்டிய காலத்தில், உயிருள்ள பறவையின் குரலில் இருந்து ஆராய்ச்சியைத் தொடங்கியது பெரிய விஷயம்.

கையில் கடிகாரம், கண்ணில் கூகை

தேவாலயக் கூரையில் கூகைகள் குடியிருந்தன. குஞ்சுகளுக்கு எத்தனை இரை கொண்டு வருகின்றன? வைட் ஒரு நண்பரோடு கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மாலை வேளையில் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தார். சுமார் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு கூகை கூட்டுக்குத் திரும்பியது. விவசாயிக்கு எலித் தொல்லையைக் குறைக்கும் பறவை இது என்று புரிய வேறு என்ன வேண்டும்?

இன்னொரு மாலை. குன்றின் மேல் இருந்த வைக்கோல் குடிலில் வைட்டும் அவருடைய விருந்தினர்களும் தேநீர் குடித்துக்கொண்டு இருந்தார்கள். பக்கி என்று நாம் சொல்லும் இரவுப் பறவை ஒன்று வந்து கூரை உச்சியில் உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. கொஞ்சூண்டு பறவை. ஆனால் அது கத்தக் கத்த மொத்தக் குடிலும் அதிர்ந்ததை எல்லோரும் உணர்ந்தார்கள். தேநீர்க் கோப்பையோடு இருந்த அந்த நேரத்திலும், இவ்வளவு சின்னத் தொண்டையில் இருந்து இவ்வளவு அதிர்வு எப்படி வருகிறது என்பதில்தான் அவர் கவனம்.

உழவாரன் குருவிகளையும் விடவில்லை. செல்போர்னில் வருடா வருடம் 8 ஜோடிதான் இருக்கின்றன என்று எண்ணினார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார். ஒவ்வொரு ஜோடியும் வருடந்தோறும் குஞ்சு பொரிக்கிறது. அப்படியானால் எண்ணிக்கை கூடாமல் அதே 8 ஜோடியாகவே இருப்பது எப்படி? மீதிப் பறவைகள் எங்கே போகின்றன? உயிரினங்களின் எண்ணிக்கை எப்படிக் கட்டுக்குள் இருக்கிறது என்று இன்றைய சூழலியல் ஆய்வாளர்கள் கேட்கும் அதே கேள்விதான் இது. உழவாரன்கள் பறந்துகொண்டே இணை சேர்வதையும் அவர் கண்டு எழுதினார்.

மண்வெட்டி தோற்றது, புல் ஜெயித்தது

வசந்தம் முற்றும் நேரத்தில், மே மாத நடுவில், செல்போர்ன் பக்கத்துச் சரிவுகளில் வயல் சில்வண்டுகள் கத்தத் தொடங்கும். சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. காலடி அதிர்வு கேட்டதுமே வளைக்குள் ஓடிவிடும்.

வைட்டும் நண்பர்களும் ஒரு நாள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். வளையைத் தோண்டினார்கள். சரிப்பட்டு வரவில்லை. ஒன்று வளையின் அடி தெரியவில்லை, இல்லாவிட்டால் மண்வெட்டி பட்டு பூச்சி நசுங்கியது. நசுங்கிய ஒரு பெண் பூச்சிக்குள் இருந்த முட்டைகளைக்கூட வைட் கவனித்துக் குறித்தார்.

பிறகுதான் வேறு வழி தோன்றியது. வளையக்கூடிய ஒரு புல் தண்டை எடுத்து வளைக்குள் மெல்ல விட்டார்கள். அது வளைந்து நெளிந்து அடிவரை போனது. உள்ளே இருந்தவர் யாரது என்று பார்க்க வெளியே வந்துவிட்டார்! பூச்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நம் கிராமத்துப் பையன்கள் ஈர்க்குச்சி விட்டுப் பூச்சி பிடிக்கும் அதே டெக்னிக்.

அதோடு விடவில்லை. இறக்கைகளை ஒன்றோடொன்று உரசித்தான் இது சத்தம் போடுகிறது, சத்தம் போடுவது ஆண் மட்டும்தான் என்பதையெல்லாம் எழுதினார். பாட்டு வீட்டிலேயே கேட்கட்டும் என்று தன் தோட்டப் புல்வெளியில் ஆழமாகத் துளை போட்டுச் சில்வண்டுகளைக் குடியேற்றியும் பார்த்தார். கொஞ்ச நாள் இருந்தன, பாடின. அப்புறம் ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்து சத்தம் கேட்டது. பழைய இடத்துக்கே திரும்பப் பார்த்தன போலும், கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்விட்டன. முயற்சி தோற்றது. அதையும் மறைக்காமல் எழுதினார்.

விரியன் வயிற்றில் 15 குட்டி

1775 ஆகஸ்ட் 4. புல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய விரியன் கண்ணில் பட்டது. உடம்பு ஊதிப்போய் இருந்தது. அதைக் கொன்று வயிற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே 15 குட்டிகள். மிகச் சின்னதே 7 அங்குல நீளம்.

அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆபத்து வந்தால் தாய் விரியன் குட்டிகளை வாய்க்குள் விழுங்கிக் காப்பாற்றும் என்பார்கள். தாயின் வயிற்றில் குட்டிகளைக் கண்டவர்கள் அதை வைத்தே இந்தக் கதையை நம்பியிருக்கலாம். வைட் பார்த்ததோ இன்னும் பிறக்காத குட்டிகளை. அவை இருந்த இடம் தொண்டை கிடையாது, அடிவயிறு என்பதைத் தெளிவாக எழுதினார்.

இன்னொன்றும் அவரை ஆச்சரியப்படுத்தியது. இன்னும் பிறக்காத அந்தக் குட்டிகள் வெளியே எடுத்ததுமே உடம்பை நிமிர்த்தி, வாயைப் பிளந்து சண்டைக்கு நின்றன. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் நச்சுப்பல் இன்னும் முளைத்திருக்கவில்லை. ஆயுதம் வருவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தும் குணம் வந்துவிடுகிறது!

இன்றைக்கு இப்படிக் கொல்வதை யாரும் ஏற்க மாட்டார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் அது சாதாரணம். இதுவும் அவர் கதையில் ஒரு பகுதிதான்.

80 மைல் பயணம் செய்த ஆமை

வைட் கதையில் மனிதர்களைவிடப் பிரபலமானது ஓர் ஆமை. பெயர் டிமோத்தி. சசெக்ஸ் பகுதியில் ரிங்மர் என்ற ஊரில் இருந்த அத்தை ரெபெக்கா ஸ்னூக் வளர்த்தது. அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வைட் அதன் பின்னாலேயே நடப்பார். 30 வருடத்துக்கும் மேல் தீனி போட்ட அத்தையைக் கண்டால் தத்தித் தத்தி ஓடி வரும், வேறு யாரையும் கண்டுகொள்ளாது என்று குறித்தார். குளிர்காலத்துக்கு வளை தோண்டும்போது அதன் வேகம் கடிகாரத்தின் மணி முள்ளைவிட அதிகம் இல்லை என்றும் எழுதினார். அவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

1780-ல் அத்தை இறந்துபோனார். அந்த மார்ச் மாதம், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிமோத்தியைத் தோண்டி எடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் தூரம் செல்போர்னுக்குக் கொண்டு வந்தார். வண்டி குலுங்கியதில் ஆமை முழித்துக்கொண்டது. புதுத் தோட்டத்தில் விட்டதும் இரண்டு தடவை கடைசிவரை நடந்து பார்த்தது. சாயங்காலம் மறுபடியும் மண்ணுக்குள் புகுந்துகொண்டது.

அதற்குப் பிறகு டிமோத்தி ஒரு தினசரிப் பாடம். கடைக்காரரின் தராசில் எடை போட்டார்கள். சுமார் 3 கிலோ. தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். நீந்தத் தெரியவில்லை, அடியில் நடந்தது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் கூம்புக் குழாயை வைத்துக் கத்திப் பார்த்தார்கள். காது கேட்ட மாதிரியே தெரியவில்லை. 1784 மே மாதம் தோட்டக் கதவு வழியே நழுவி ஒரு வாரத்துக்கும் மேல் காணாமல் போய், பிறகு ஒரு அவரை வயலில் கிடைத்தது.

இதில் ஒரு ட்விஸ்ட். வைட் கடைசிவரை ஆண் என்று நினைத்த டிமோத்தி உண்மையில் பெண்! அவர் இறந்த பிறகுதான், ஓட்டை ஆராய்ந்தவர்களுக்கு இது தெரிந்தது. டிமோத்தியின் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மண்புழுவுக்கு மரியாதை

தோட்டக்காரர்கள் அப்போது மண்புழுவைக் கண்டால் எரிச்சல்படுவார்கள். புல்வெளியை அசிங்கம் பண்ணுகிறது என்பார்கள். 1777-ல் எழுதிய கடிதத்தில் வைட் நேர்மாறாகச் சொன்னார். மண்ணைத் துளைத்து இளக்குவது, மழைநீரும் வேரும் உள்ளே இறங்க வழி செய்வது, இலை தழையை மண்ணுக்குள் இழுப்பது, எருவாக மண்ணை வெளியே தள்ளுவது என்று மண்புழு செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டார். மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகி உயிரற்றுப் போகும் என்பது அவர் கருத்து.

நூறு வருடம் கழித்து, 1881-ல், மண்புழுவைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வந்தது. எழுதியவர் சார்லஸ் டார்வின். பள்ளிப் பையனாக இருந்தபோது வைட்டின் புத்தகத்தைப் படித்துத்தான் பறவைகளைக் கவனிக்கும் ஆசை வந்தது என்று டார்வினே தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

தீராத அந்த ஒரு சந்தேகம்

இப்போ முதலில் பார்த்த குருவிக் கதைக்கு வரலாம். தகைவிலான்கள் குளிர்காலத்தில் குளத்துக்கு அடியில் தூங்குகின்றன என்று அன்று பலர் நம்பினார்கள். உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை உருவாக்கிய லின்னேயஸே அதை நம்பியவர்தான்.

வைட்டுக்கு வலசை பற்றித் தெரியாமல் இல்லை. தம்பி ஜான் ஜிப்ரால்டரில் போதகராக இருந்தார். தகைவிலான்கள் சின்னச் சின்னக் கூட்டமாகத் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் பறந்து ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கடலைக் கடப்பதை அவர் நேரில் பார்த்து அண்ணனுக்குச் சொல்லியிருந்தார். அதை வைட் ஏற்றுக்கொண்டார். ஆனால் எல்லாக் குருவியும் போய்விடுகிறதா? இலையுதிர் காலத்தில் எல்லாம் மறைந்த பிறகு, திடீரென்று வெயில் அடிக்கும் நவம்பர் நாளில் ஒன்றிரண்டு எங்கிருந்து வந்தன?

1780 அக்டோபரில் சுமார் 150 ஹவுஸ் மார்ட்டின்கள் ஊரில் மிச்சம் இருந்தன. தினமும் மாலை சரியாக ஐந்தே கால் மணிக்கு அத்தனையும் தென்கிழக்கே விரைந்து, குன்றின் ஓரப் புதர்களுக்குள் இறங்கியதைப் பல நாள் காத்திருந்து கவனித்தார். அங்கேதான் தூங்கப் போகின்றனவோ என்ற ஆசை பிறந்தது. அதன் விளைவுதான் 1781 ஏப்ரல் 11-ன் தேடல்.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஹவுஸ் மார்ட்டின்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புகின்றன என்பது இன்று நமக்குத் தெரியும். வைட்டின் ஊகம் தப்பு. ஆனால் கிடைத்தது போல ஒரு வரி எழுத அவருக்கு எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. கேட்க ஆள் கிடையாது. அவர் எழுதவில்லை. ஊகம் பொய்த்துப் போனாலும், எந்தத் தேதியில் எந்தக் குருவி வந்தது என்ற அவருடைய குறிப்பு இன்றும் செல்லும்.

சூரியன் சிவந்த கோடை

1783 ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை செல்போர்ன் வானத்தில் விசித்திரமான புகைமூட்டம். நடுப்பகலிலும் சூரியன் மேகம் மறைத்த நிலா மாதிரி மங்கலாகத் தெரிந்தது. உதயத்திலும் அஸ்தமனத்திலும் ரத்த நிறம். வெட்டிய இறைச்சி அடுத்த நாளே கெட்டுப்போகும் அளவுக்கு வெக்கை. ஈக்கள் மொய்த்துக் குதிரைகள் பாதிப் பைத்தியமாகின. ஊரே பயந்தது.

வைட் ஒவ்வொரு நாளையும் குறித்தார். ஐஸ்லாந்தில் ஜூன் 8-ம் தேதி வெடிக்கத் தொடங்கிய லாக்கி எரிமலைப் பிளவின் புகைதான் அது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பேரிடரைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் இன்றும் அவர் குறிப்பைப் புரட்டுகிறார்கள்.

68 வயதில் முதல் புத்தகம்

இத்தனையும் எழுதியவர் அச்சுக்குக் கொடுக்க மட்டும் வருடக்கணக்கில் தயங்கினார். தம்பி பெஞ்சமின் லண்டனில் புத்தகப் பதிப்பாளர். அப்படியும் செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமையும் பற்றிய நூல் வெளிவந்தது 1788 கடைசியில்தான். முகப்பில் 1789 என்று இருக்கும். அப்போது வைட்டுக்கு 68 வயது. பென்னன்டுக்கு 44, பாரிங்டனுக்கு 66 என்று கடிதங்கள் அதில் உள்ளன. முதல் சில கடிதங்கள் தபாலில் போகவே இல்லை, புத்தகத்துக்காகவே எழுதப்பட்டவை. அன்று தொடங்கி இன்றுவரை பதிப்பு நிற்காத நூல்களில் அதுவும் ஒன்று.

1793 ஜூன் 15 அன்று டைரியில் கடைசிக் குறிப்பை எழுதினார். 11 நாள் கழித்து, ஜூன் 26-ம் தேதி, 72 வயதில் காலமானார். செல்போர்ன் தேவாலயத் தோட்டத்தில் ஒரு சின்னக் கல். அதில் பெயரின் முதல் எழுத்துகளும் இறந்த தேதியும் மட்டும்தான். அடுத்த வருடம் டிமோத்தியும் போய்ச் சேர்ந்தது. 'தி வேக்ஸ்' இப்போது அருங்காட்சியகம்.

இன்று ஏன் முக்கியம்?

வைட் 8 ஜோடி என்று எண்ணிய உழவாரனும், புதரில் தேடிய ஹவுஸ் மார்ட்டினும் 2021 டிசம்பரில் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதாவது, எண்ணிக்கை வேகமாகச் சரிந்து கவலைக்குரிய நிலையில் இருக்கும் பறவைகள். அவர் புல் விட்டுப் பிடித்த வயல் சில்வண்டும் 20-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் அழிவின் விளிம்புக்கே போய், பாதுகாப்பு முயற்சிகளால் மீண்டு வருகிறது.

ஒன்று குறைகிறது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று யாராவது எண்ணி வைத்திருக்க வேண்டும். 676 பேர் வாழ்ந்த ஓர் ஊரில், அரசாங்கமோ சம்பளமோ கேட்காமல் ஒருவர் அதைச் செய்தார். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, தினமும் அதே பாதையில் ஒரு நடை.

நம் ஊருக்கும் குளிர்காலத்தில் தகைவிலான்கள் வருகின்றன. வயல் மேலும் ஏரி மேலும் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும், மின்கம்பியில் வரிசையாக உட்காரும். இந்த வருடம் உங்கள் தெருவில் முதல் தகைவிலானை என்றைக்குப் பார்த்தீர்கள்? தேதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதற்குக் கீழே இன்னொரு வரி. வைட்டின் 25 வருட டைரியும் அப்படித்தான் நிரம்பியது.